ஒன்றரை கழித்து

அக்டோபர் 4

தம்பிக்கு,

ரத்தக் குப்பிகளோடு கடிதம் வருகிறதே என்று முகத்தைச் சுளிக்காதே. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், நனையாது. போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போன மாதம் பேசினேனே. நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வர்றது ரத்தமில்லப்பா, தக்காளிச் சாறு" என்றாய். உன் லேப் முழுக்கச் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடித்த கை இது. நீ படிக்கிற காலத்தில் ரத்தம் எடுக்கப் பழகியதும் இதே கையில்தான். மூன்று இடத்தில் குத்திவிட்டு நரம்பு கிடைக்கவில்லை என்று அழுதாய். அப்போது நான் யாரையும் கூப்பிட்டுச் சிரிக்கவில்லை.

ஆகவே இனி போன் கிடையாது. வேன் டிரைவர் காலையில் பெட்டியைக் கொண்டுவருவார், சாயந்திரம் ரிசல்ட்டோடு திரும்புவார். உன் பதிலும் அதிலேயே வரட்டும். எழுத்தில் இருந்தால் நீ பின்னால் மாற்றிப் பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளமான தெருக்களில் ஒரு மாதமாகத் தண்ணீர் வடியவில்லை. பதினான்கு கட்டிலில் ஒன்பது பேர் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெடித்த காலோடு நடந்தவர்கள். எங்கள் டாக்டர் சின்ன வயசு, ஆனால் கவனமானவர். ரவுண்ட்ஸில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். இந்தக் காய்ச்சலில் சிறுநீரகம் கெட்டாலும் பல பேருக்குப் பொட்டாசியம் ஏறாது, இறங்கக்கூடச் செய்யும். அதையும் மீறி ஒருவருக்கு ஏறினால் இதயம் நின்று அவர் நம் கையை விட்டுப் போகிற ஆபத்து அதிகம், தாமதிக்காமல் டயாலிசிஸுக்கு அனுப்பிவிடவேண்டும் என்கிறார். டயாலிசிஸ் உங்கள் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. எங்கள் ஈசிஜி இயந்திரத்தில் காகிதம் தீர்ந்து மூன்று வாரமாகிறது, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று உன் எண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறோம்.

நீ என்ன அனுப்புகிறாய்? "மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பவும்." இந்த வாரம் மட்டும் ஐந்து தடவை. மறுபடி எடுத்து, மறுபடி அனுப்பி, பதில் வருவதற்குள் ஒரு முழு நாள் போய்விடுகிறது. அதில் ஒருவர் அந்த ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. தாளில் அவர் பெயருக்கு எதிரே இன்னும் "மறுபடி அனுப்பவும்" என்றே இருக்கிறது. யாரை அனுப்புவது?

அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

தக்காளிச் சாறு என்றது தப்புதான். ஸ்பீக்கர் போட்டது அதைவிடத் தப்பு. ஆனால் நீ அனுப்பிய ஐந்து குப்பியையும் இயந்திரத்தில் சுற்றவிட்டுப் பார்த்தால் மேலே நிற்கிற தெளிவு மஞ்சளாக இல்லை, சிவப்பாக இருந்தது. மெல்லிய ஊசியில் இழுத்து, அதே ஊசி வழியாகக் குப்பிக்குள் பீய்ச்சினால் ரத்த அணுக்கள் உடையும், உள்ளே இருக்கிற பொட்டாசியமெல்லாம் வெளியே கொட்டும். அந்த எண்ணை எழுதி அனுப்பினால் நல்ல மனிதனையும் டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். அதற்கா நான் கையெழுத்துப் போடுவது?

அடுத்தது ஐஸ். வேன் நாலு கிளினிக்கைச் சுற்றி இங்கே வர நாலு மணி நேரம். நீ ரத்தத்தை ஐஸில் புதைத்து அனுப்புகிறாய். மீனை அனுப்புகிறாயா, ரத்தத்தை அனுப்புகிறாயா? பிரிக்காத ரத்தம் குளிர்ந்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும். குப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சிவக்கக்கூட சிவக்காது. எண் மட்டும் பொய்யாக ஏறி உட்காரும். இதை உனக்கு நேரில் பத்துத் தடவை சொல்லியாயிற்று. நான் சொன்ன எதை நீ காதில் போட்டுக்கொண்டிருக்கிறாய்? சின்ன வயதில் சைக்கிள் செயின் கழன்றுவிடும், இறங்கு என்று கத்தினேன். நீ இறங்கவில்லை. அந்தத் தழும்பு என் முழங்காலில் இருக்கிறது.

நீ ஐஸை நிறுத்தப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. அதற்குத் தக்கபடி நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம். ஊசியையாவது மாற்று.

தம்பி


அக்டோபர் 7

தம்பிக்கு,

மீன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எனக்கிருந்த கோபத்தில் வார்டே நடுங்கியது. பாவம், என்ன செய்தார்கள் இங்கே இருக்கிற இரண்டு ஜூனியர் நர்ஸ் பெண்களும்.

இன்றிலிருந்து உனக்குக் குறை சொல்ல இடம் வைக்கமாட்டேன். என்ன செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. எண்களைப் பார்த்து நீயே தெரிந்துகொள். தெரிந்ததும், அக்கா செய்தது சரி என்று ஒரு வரி எழுது. உன் கையெழுத்தில் அப்படி ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்கா


அக்டோபர் 10

அக்காவுக்கு,

இந்தா, கேட்ட வரி. அக்கா செய்தது சரி. மூன்று நாளாக உன் குப்பிகள் சுத்தமாக இருக்கின்றன, ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. பெரிய ஊசிக்கு மாறிவிட்டாய், அவ்வளவுதானே? இதை முதலிலேயே செய்திருந்தால் நமக்குள் இத்தனை பேச்சு வந்திருக்காது.

உங்கள் டாக்டர் சொன்னதும் சரி போலிருக்கிறது. உன் வார்டில் எல்லோருக்கும் பொட்டாசியம் இறங்கியே வருகிறது. ஒருவருக்கு 2.6, இருக்கவேண்டிய மூன்றரைகூட இல்லை. படிவத்தில் பம்ப் ஆபரேட்டர் என்று எழுதியிருக்கிறாயே, அவருக்கு இன்று 3.3. புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே நோய் நடந்துகொள்வது அபூர்வம்.

தம்பி


அக்டோபர் 13

தம்பிக்கு,

பம்ப் ஆபரேட்டர் நேற்றுக் காலை பதினொரு மணிக்கு இறந்துபோனார்.

நீ அவரைப் பார்த்ததில்லை. தெருவில் தேங்கிய தண்ணீரை இறைக்கிற மோட்டாரோடு ஒரு மாதம் தண்ணீரிலேயே நின்றவர். அலுவலகத்தில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் கிழிந்து, சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். கட்டிலுக்கு அடியில் அதை வைக்கக்கூடாது என்று நான் சத்தம் போட்டேன். "அது இல்லாம எப்படி சிஸ்டர் வேலைக்குப் போறது, ரெண்டு நாள்ல போயிடுவேன்ல" என்றார்.

பத்தாம் தேதி உன் தாளில் 3.3. சிறுநீர் குறைந்திருந்தது, ஆனாலும் பொட்டாசியம் குறைவு என்று டாக்டர் ட்ரிப்பில் பொட்டாசியம் கலக்கச் சொன்னார். நான்தான் கலந்தேன். அடுத்த நாள் 5.0 என்று வந்தது. போதும், ட்ரிப்பை நிறுத்துங்கள், எண் சரியாகிவிட்டது என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் காலையில் கையைப் பிடித்தால் நாடி நிமிஷத்துக்கு நாற்பதுகூட இல்லை. ஈசிஜி எடுக்கக் காகிதம் இல்லை. டாக்டரை நான் ஓடிப்போய்க் கூட்டிவருவதற்குள் முடிந்துவிட்டது. 5.0 உள்ள மனிதனின் இதயம் ஏன் அப்படி நிற்கவேண்டும்? டாக்டருக்கும் தெரியவில்லை. உன்னைக் கேட்கிறேன். இது சண்டைக்குக் கேட்கிற கேள்வி இல்லை.

இன்னொன்று. இன்று பெட்டியைக் கொண்டுவருகிறவர் புது ஆள். நம் டிரைவர் இங்கே ஆறாம் கட்டிலில் படுத்திருக்கிறார். கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டால் கத்துகிறார். வேன் நின்றுபோனபோதெல்லாம் தண்ணீரில் இறங்கித் தள்ளியிருக்கிறார். நம் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர். முந்தாநாள்கூடக் கேலி பண்ணினார். "என்ன சிஸ்டர், நாலு நாளா பெட்டி லேசா இருக்கு, ஐஸ் கம்பெனியோடயும் சண்டையா" என்றார். ஆமாம், ஏழாம் தேதியிலிருந்து ஐஸ் வைப்பதில்லை. நீ சொன்னதைத்தான் செய்தேன், போதுமா?

அவர் ரத்தம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. முதலில் அதைப் பார்.

அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

காலையில் போனில் நான் சொன்னது, "டிரைவருக்கு 4.9 இல்லக்கா, 6.4, உடனே அனுப்பு" என்பது மட்டும்தான். ஏன் என்று நீ கேட்டபோது போனை வைத்துவிட்டேன். இந்தத் தடவை கோபத்தில் வைக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் நேற்று மதியமே மேஜைக்கு வந்துவிட்டது. இன்னொரு அர்ச்சனை என்று நினைத்து டிராயரில் போட்டுவிட்டேன். இன்று காலைதான் பிரித்தேன். ஐஸ் வைப்பதில்லை என்ற வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேன், எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பே உன் ஆஸ்பத்திரி ரத்தத்தில் பொட்டாசியம் அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன், ஐஸ் நிற்கவில்லை. ஒரு நாள் என் ரத்தத்தையே எடுத்து, பாதியை ஐஸில் வைத்து வேனில் சுற்றவிட்டேன், பாதியை மேஜையில் வைத்தேன். வித்தியாசம் ஒன்றரை வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு, உன் பெட்டியிலிருந்து வரும் பொட்டாசியத்தில் ஒன்றரை கழித்து எழுதவும் என்று ஒரு சீட்டு எழுதி இயந்திரத்தின்மேல் ஒட்டினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். ஒருவர் ரத்தத்தில் ஒன்று கசியும், இன்னொருவர் ரத்தத்தில் இரண்டு கசியும், என் ஒருவனுடைய ரத்தத்தை வைத்து ஊருக்கே கணக்குப் போடக்கூடாது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியும் என்றே வைத்துக்கொள்.

ஏழாம் தேதி நீ ஐஸை நிறுத்தினாய். பெட்டியை வாசலிலேயே பிரித்துக் குப்பிகளையும் கடிதத்தையும் மட்டும் உள்ளே கொடுப்பார்கள், ஐஸ் இல்லை என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. உன் எண்கள் அன்றிலிருந்து உண்மை. நாங்கள் உண்மையிலிருந்து ஒன்றரையைக் கழித்துக்கொண்டிருந்தோம். எண் ஆறைத் தாண்டினால் உடனே வார்டைக் கூப்பிடவேண்டும் என்பது எங்கள் விதி. கழித்த எண் எப்படித் தாண்டும்? ஒருவரும் கூப்பிடவில்லை.

பம்ப் ஆபரேட்டருக்குப் பத்தாம் தேதி 3.3 இல்லை, 4.8. மறுநாள் 5.0 இல்லை, 6.5.

பத்துத் தடவை சொல்லிக் கேட்காதவள் பதினோராவது தடவை கேட்பாய் என்று நான் நினைக்கவே இல்லை அக்கா.

தம்பி


அக்டோபர் 15

தம்பிக்கு,

நாற்பத்தாறு வயதில் ஒரே ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டேன். அதற்கு ஓர் ஆள் செத்துப்போனார்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். எழுதினது எழுதினதுதான், அடிக்கப்போவதில்லை. நீ எழுதிய கடைசி வரியில் உன் தப்பையும் என் தலையில்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறாய், பார்த்தாயா? பத்துத் தடவை சொன்னவனுக்கு, ஒன்றரை கழிக்கிறேன் அக்கா என்று ஒரு தடவை சொல்ல வாய் இல்லாமல் போய்விட்டதா? "தக்கபடி பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதினாயே, அதுதானா அது? அந்த வரியை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். ஏதோ பெருந்தன்மை என்று நினைத்தேன்.

என்னையும் விட்டுவைக்கவில்லை, பயப்படாதே. ஐஸ் வைப்பதில்லை என்று ஏழாம் தேதியே எழுதியிருந்தால் அன்றைக்கே உன் சீட்டைக் கிழித்திருப்பாய். நீயாகக் கண்டுபிடித்து என்னைப் புகழவேண்டும் என்று காத்திருந்தேன். சிறுநீர் குறைந்து கிடந்தவருக்கு, 4.8 இருந்தவருக்கு, பொட்டாசியத்தை ட்ரிப்பில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். சொட்டு வேகத்தைக் கடிகாரம் பார்த்துச் சரிசெய்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

டாக்டருக்கும் உன் கடிதத்தைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்ததும் மற்ற ஏழு பேருக்கும் புதிதாக ரத்தம் எடுக்கச் சொன்னார். 2.6 என்று நீ எழுதினவருக்கு ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கி எறிந்தேன். கடவுள் புண்ணியத்தில் அவர் சிறுநீர் தாராளமாகப் போகிறவர், ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஒன்று வேண்டும். ஏழாம் தேதியிலிருந்து வந்த ஒன்பது பேருடைய எண்ணும், நீ அனுப்பினது ஒரு பக்கம், உண்மையானது ஒரு பக்கம், ஒரே தாளில். கீழே உன் கையெழுத்து, பதவி, முத்திரை. பம்ப் ஆபரேட்டரின் மனைவி அவருடைய பையையும் பூட்ஸையும் வாங்கிக்கொள்ள வரப்போகிறார். அந்தத் தாளை அவர் கையில் கொடுக்கவேண்டும். பூசி மெழுகி எதையும் எழுதி அனுப்பாதே.

டிரைவர் எப்படி இருக்கிறார்? இங்கே இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். ஏறும்போது, "பெட்டிய யாரு எடுத்துட்டுப் போவா" என்று கேட்டார்.

அக்கா


அக்டோபர் 17

அக்காவுக்கு,

தாள் இதோடு இருக்கிறது. நேற்றே அனுப்பியிருக்கலாம். ஒரு நாள் தயங்கினேன். எங்கள் கண்காணிப்பாளர் கம்ப்யூட்டரில் எண்ணைத் திருத்திவிட்டால் போதும், வெளியே தாள் போகவேண்டாம் என்றார். அந்த அம்மாவிடம் கொடுத்தால் அவர் எங்கே கொண்டுபோவார் என்று தெரியாது, உன் வேலையும் போகும், உன் அக்கா வேலையும் போகும் என்றார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு கையெழுத்துப் போட்டேன். முத்திரையை அவர் தரவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இயந்திரத்தின்மேல் இருந்த சீட்டை உரித்துத் தாளின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். என் கையெழுத்துதான், அடையாளம் தெரியும். மற்றவர்கள் மூன்று வருடமாக அதைப் பார்த்துத்தான் கழித்தார்கள், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐஸ் வைத்து வந்த மூன்று வருட எண்களில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

டிரைவருக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் ஆயிற்று. நேற்றிலிருந்து சிறுநீர் வருகிறது. இன்று காலை நானே போய் ரத்தம் எடுத்தேன், முதல் குத்திலேயே கிடைத்தது. கையிலேயே கொண்டுவந்து பார்த்தேன். 4.7. எதையும் கழிக்கவில்லை.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு,

நேற்றுப் பம்ப் ஆபரேட்டரின் மனைவி வந்தார். தையல் வேலை செய்கிறவர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். வார்டில் பேச மனமில்லாமல் துணி வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனேன். உன் தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சொன்னேன். இது உண்மையான எண், இது எங்களுக்கு வந்த எண், இதைப் பார்த்து ட்ரிப் போட்டது நான், தப்பாகக் கழிக்கச் சொன்னது என் தம்பி என்றேன். குரல் நடுங்காமல் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன்.

சரியான எண் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். அன்றைக்கே டயாலிசிஸுக்கு அனுப்பியிருப்போம், பிழைத்திருக்கலாம், அந்த அளவுக்கு ஏறினவர்கள் எல்லோரும் பிழைப்பதில்லை, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். அழுவார், அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் உன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐஸை நிறுத்தியது எந்தத் தேதி என்று கேட்டார், சொன்னேன். அதைத் தம்பிக்குச் சொன்னீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். கழிப்பதை அவர் உங்களுக்குச் சொன்னாரா என்று கேட்டார், அதற்கும் இல்லை என்றேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் சிஸ்டர், உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

அவர் தாளை நாலாக மடித்து அந்த டியூப் ஒட்டின பூட்ஸுக்குள் வைத்து, இரண்டு பூட்ஸையும் மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். தாளை எங்கே கொண்டுபோவார் என்று நான் கேட்கவில்லை. எங்கே கொண்டுபோனாலும் சரிதான்.

நான் அங்கேயே அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஜூனியர் பெண் வந்து, டாக்டர் கூப்பிடுகிறார் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

பெட்டியில் ஐஸ் இல்லை. மூடிமேல் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். டிரைவரைப் பார்க்கும்போது அவர் வேன் பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நீயாவது ஒரு பதில் யோசி. ஆனால் இந்தப் பெட்டியில் எழுதி அனுப்பாதே. போன் பண்ணு.

அக்கா